செங்கல்லுக்கு எழுதிய மருந்துச் சீட்டு

“எவன் ஜன்னலைச் சாத்தினது?”

எங்கள் ஆஸ்பத்திரியில் காலை ஏழே முக்காலுக்கு மணி அடிக்க வேண்டிய அவசியம் இருந்ததே இல்லை. நெஞ்சக நோய் டாக்டர் வார்டுக்குள் காலை வைத்ததும் இந்தக் கேள்வி கிளம்பிவிடும். கேள்வி என்றா சொன்னேன்? பதில் எதிர்பார்த்தால்தானே அது கேள்வி. இது முறையீடு. இருபத்தெட்டு வருஷமாக, நாளைக்குக் குறைந்தது ஆறு தடவை, ஒரே ராகத்தில். ‘எவன்’ தரையில் கிடக்கும், ‘ஜன்னலை’ படியேறும், ‘சாத்தினது’ மாடியிலிருந்து குதிக்கும். சாத்தியது பெண்ணாக இருந்தாலும் ‘எவன்’தான். ஒரு தடவை தலைமை நர்ஸ் கையைத் தூக்கி, “நான்தான் மேடம், சாரல் அடிச்சுது” என்றாள்.

“அப்ப நீதான் அந்த எவன்” என்றுவிட்டுப் போய்விட்டார்.

நான் அந்த ஆஸ்பத்திரியின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருப்பவள். மற்றவர்கள் முகத்தைப் பார்த்துப் பழகுவார்கள். நான் தொண்டையைக் கேட்டுப் பழகுகிறவள். யார் குரலையும் இரண்டு நாளில் எடுத்துவிடுவேன். ஒரு மத்தியானம் கேன்டீனுக்குப் போன் போட்டு, டாக்டர் குரலில் அதே கேள்வியைக் கேட்டேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் பாத்திரத்தைப் போட்டுவிட்டு நாலு ஜன்னலையும் திறந்தாராம். நிமிர்ந்து பார்த்தால் என் அறை வாசலில் டாக்டர் நிற்கிறார்.

“கிளி” என்றார். அன்றிலிருந்து என் பெயர் அதுதான். “‘சாத்தினது’ல இன்னும் கோபம் வேணும். நீ என்னவோ பாசமா சொல்றே.”

அவருக்கு ஆஸ்பத்திரி வைத்திருந்த பெயர் ஜன்னலம்மா. உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு; ஜன்னல் கொக்கி எட்டாது. அதற்காகவே வளைந்த கைப்பிடி வைத்த ஒரு குடை. மழைக்கு அதை விரித்து யாரும் பார்த்ததில்லை. கைப்பிடியைக் கொக்கியில் மாட்டி ஒரு இழுப்பு, அவ்வளவுதான். கோட்டுப் பையில் எப்போதும் காயத்துக்குக் கட்டும் மெல்லிய துணியின் நீளக் கிழிசல் ஒன்று இருக்கும். வார்டில் ஒவ்வொரு ஜன்னல் கம்பியிலும் அப்படி ஒன்றைக் கட்டி வைத்திருந்தார். துணி ஆடினால் காற்று போகிறது. தொங்கினால் யாருக்கோ கெட்ட நேரம்.

திட்டு வாங்கி அலுத்துப்போன வார்டு உதவியாளர் ஒருவர் ஒரு நாள் மேஜை மின்விசிறியை அந்தத் துணியைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டார். ஜன்னல் சாத்தியபடியே இருக்கத் துணி கொடி போலப் பறந்தது. டாக்டர் வந்தார், அரை நிமிஷம் பார்த்தார்.

“இது வெளிக்காத்து இல்லை.”

“எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?”

“சொன்ன பேச்சைக் கேட்டுக்கிட்டு ஒரே மாதிரி ஆடுது பாரு. வெளிக்காத்து யார் பேச்சையும் கேக்காது.”

இந்த ஜன்னல் பைத்தியத்துக்குக் காரணமாக ஆஸ்பத்திரியில் மூன்று கதைகள் உலவின. அப்பா இருமியே செத்தார் என்று ஒன்று. சின்ன வயதில் எங்கோ அடைபட்டுக்கொண்டார் என்று ஒன்று. மூன்றாவது காதல் கதை, நான் கட்டியதுதான். ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டேன்.

“இருமறவன் பக்கத்துல காத்து போகணும். காத்து போக ஜன்னல் வேணும். இதுக்குக் கதை வேற வேணுமாடி?” என்றார்.

வீட்டிலும் இதே கூத்து. கணவர் வக்கீல். மேஜை நிறையக் காகிதம், வீடு நிறையத் திறந்த ஜன்னல். ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு கனம்: ஒரு கருங்கல், ஒரு பூட்டு, ஒரு பழைய இஸ்திரிப் பெட்டி. சாயங்காலம் ஐந்தானால் எக்ஸ்சேஞ்சுக்கு அவர் போன் வரும். “புயல் கரையைக் கடந்திடுச்சாம்மா?” என்பார். டாக்டர் கிளம்பிவிட்டார் என்று நான் சொன்னால், “சரி, நான் போய்க் காகிதத்தை எல்லாம் பிடிச்சுக்கறேன்” என்று வைத்துவிடுவார்.

பிறகு மூச்சைப் பிடிக்கும் அந்தத் தொற்றுநோய் வந்தது. கண்காணிப்பாளர் பதினாலு டாக்டர்களைக் கொண்ட ஒரு குழுவை அமைத்தார். அவர் குரல் எடுப்பதற்கு மிகவும் எளிது. எதற்கும் “பார்ப்போம், பார்ப்போம்” என்றால் போதும். முதல் கூட்டத்தில் ஒருவருக்கு இதயம், ஒருவருக்கு மாமியார், ஒருவருக்கு மாறுதல் உத்தரவு. கூட்டம் முடிந்தபோது பன்னிரண்டு காரணங்களும் இரண்டு டாக்டர்களும் மிச்சம். ஒருவர் ஜன்னலம்மா. இன்னொருவர் மயக்க டாக்டர்.

மயக்க டாக்டருக்கு ஊசியே தேவையில்லை என்பது என் கட்சி. அவர் போனில், “வணக்கம்மா… ஆபரேஷன் தியேட்டருக்கு… ஒரு லைன்…” என்பதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். ஜன்னலம்மாவைவிடப் பத்து வயது சின்னவர். அவரை “அக்கா” என்பார். அவர் இவரை “வாய்யா தூக்கம்” என்பார். ஒரு குடையும் ஒரு கொட்டாவியும் சேர்ந்துதான் எங்கள் ஆஸ்பத்திரியின் போருக்குத் தலைமை தாங்கின.

நோயாளிகளை வைக்கப் புதுக் கட்டடத்தின் கீழ்த்தள வார்டு தயாராக இருந்தது. அறுபது படுக்கை. தோட்டப் பக்கம் முழுக்கக் கண்ணாடி, இருபத்துநாலு. எதிர்ச் சுவரில், வாசல் சாலையைப் பார்த்து, பெரிதாக ஒன்றே ஒன்று. எல்லாமே பசை போட்டு அடைத்தவை. கண்காணிப்பாளர் பெருமையோடு சுற்றிக் காட்டினார். டாக்டர் துணியை எடுத்துப் பிடித்தார். அது பரீட்சையில் தவறியவன் தலை மாதிரி தொங்கியது.

“இது ஏன் தொங்குது?”

“ஏ.சி. ஓடுது மேடம். இருபத்திரண்டு டிகிரி. சுகமா இருக்கும்.”

“யாருக்கு? கிருமிக்கா?”

“கண்ணாடி எல்லாம் சீல் பண்ணினது. திறக்கற மாதிரி இல்லை மேடம்.”

“திறக்காது. சரி. உடையுமா?”

கண்காணிப்பாளர் சிரித்தார், பாவம். ஜோக் என்று நினைத்துவிட்டார்.

கட்டட வேலை பார்க்கும் மேஸ்திரியைக் கூப்பிட்டார் டாக்டர். மேஸ்திரியின் குரல் மணல் சலிக்கிற குரல். எதற்கும் அவருக்கு ஒரே வாக்கியம்: “எழுத்துல குடுங்கம்மா.”

“ஏன்யா, வாய்ல சொன்னா காதுல விழாதா?”

“விழும்மா. ஆனா நாளைக்கு உருளப்போறது என் தலை. ரெண்டு டாக்டர் கையெழுத்தும் வேணும். ஒருத்தர் போட்டா அது சொந்த விஷயம். ரெண்டு பேர் போட்டாத்தான் ஆஸ்பத்திரி விஷயம்.”

டாக்டர் கையில் இருந்தது மருந்துச் சீட்டுக் கட்டு மட்டும்தான். அதில் எழுதினார்: ‘கண்ணாடி – 24 + 1. முழுவதும் எடுக்கவும். உடனே. ஒரே வேளை.’

மேஸ்திரி படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “இருபத்தஞ்சுன்னே எழுதியிருக்கலாமேம்மா.”

“அந்த ஒண்ணு தனி. இந்தப் பக்கம் இருபத்துநாலையும் திறந்து வச்சாலும், அந்தப் பக்கம் அது இல்லைன்னா உள்ள வந்த காத்து வெளிய போக வழி தெரியாம நின்னுடும். மத்தது அடைபட்டாலும் பரவாயில்லை. அந்த ஒண்ணு அடைபடக் கூடாது.”

மயக்க டாக்டர் சீட்டை வாங்கி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். “கண்ணாடிக்கு வலிக்காம எடுக்கணும்னா… சொல்லுங்க மேஸ்திரி… நான் வந்து ஊசி போடறேன்…” என்றார். மத்தியானத்துக்குள் இருபத்தைந்தும் தோட்டத்தில் அடுக்கிக் கிடந்தன. வார்டில் துணிகள் ஆடின.

அடுத்த பத்து மாதத்தை நான் ஹெட்போன் வழியாகத்தான் பார்த்தேன். உள்ளே எல்லோரும் தலை முதல் கால் வரை வெள்ளை உறைக்குள். யார் டாக்டர், யார் துடைக்கிறவர் என்று தெரியாது. குரல்தான் அடையாளம். நோயாளிகள் ஜன்னலம்மாவை முகமே தெரியாமல் அந்த ஒரே வாக்கியத்தால் தெரிந்துகொண்டார்கள். தினமும் நாலு மணிக்கு மயக்க டாக்டர் எக்ஸ்சேஞ்ச் லைனில் வந்து அறுபது குடும்பங்களுக்கும் ஒவ்வொன்றாகப் பேசுவார். நல்ல செய்தியையும் மெதுவாகத்தான் சொல்வார். கெட்ட செய்தியை அதைவிட மெதுவாக. நான் இணைத்துக்கொண்டே கேட்பேன். எனக்கு அப்போது கொட்டாவி வந்ததில்லை.

டாக்டர் வீட்டுக்குப் போவதை நிறுத்தியிருந்தார். ஐந்து மணிக்கு வக்கீல் போன் மட்டும் தவறாமல் வரும்.

“புயல் எப்படிம்மா இருக்கு?”

“கத்தறாங்க சார்.”

“அப்ப நல்லாத்தான் இருக்கா” என்று வைத்துவிடுவார்.

ஏழாவது மாதம் மயக்க டாக்டருக்கே நோய் வந்தது. பதினொன்றாம் நம்பர் படுக்கையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த ஒற்றை ஜன்னலுக்கு நேர் கீழே இருப்பது. ஒன்பது நாள் இருந்தார். எட்டாவது நாள் மனைவிக்கு ஒரு கால் கேட்டார். அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இணைத்துக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் யார் பேசினாலும் ஒட்டுக்கேட்கிறவள் நான். அன்று ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டேன்.

அவர் போன அன்று சாயங்காலமும் ஜன்னலம்மா வார்டுக்குள் வந்தார். “எவன் ஜன்னலைச் சாத்தினது?” என்றார். எல்லாமே திறந்துதான் இருந்தன.

இருபது நாள் கழித்து மெமோ வந்தது. அனுமதியில்லாமல் கண்ணாடிகளை அகற்றி ஆஸ்பத்திரிச் சொத்துக்குச் சேதம் விளைவித்ததற்கு ஒரு வாரத்துக்குள் விளக்கம் தர வேண்டுமாம். சான்றாக அந்த மருந்துச் சீட்டின் நகல். சீட்டில் இரண்டு கையெழுத்து இருந்ததால் அலுவலகம் கடமை தவறாமல் இரண்டு மெமோ அடித்திருந்தது. ஒன்று ஜன்னலம்மாவுக்கு. இன்னொன்று மயக்க டாக்டரின் வீட்டுக்கே பதிவுத் தபாலில் போனது; டீச்சர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

வக்கீல் தன் மனைவிக்காக மூன்று பக்கத்துக்குப் பதில் தயாரித்தார். டாக்டர் எடை போடுவது போலக் கையில் தூக்கிப் பார்த்தார்.

“மூணு பக்கமா? தப்பு பண்ணினவன்தான்யா மூணு பக்கம் எழுதுவான்” என்று சொல்லிவிட்டார். அந்தப் பதில் இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் போய்விட்டது. நினைவூட்டல்கள் வந்தன. அவையும் அங்கேயே போயின.

நோய் அடங்கியது. டாக்டர் அந்தக் கீழ்த்தள வார்டைச் சண்டை போட்டு நெஞ்சக நோய்க்கென்றே வாங்கிக்கொண்டார். கண்ணாடி இருந்த இடத்தில் எல்லாம் திறக்கிற கதவு போட்ட ஜன்னல்கள் வந்தன. இரண்டு வருஷம் ஓடியது. டாக்டர் ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும்போது, எல்லா டிபார்ட்மென்டுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. நோய்க்கு எதிராகத் தலைமை தாங்கிய டாக்டர்களைக் கௌரவிக்கப் பெயர் பொறித்த கல் ஒன்று திறக்கப்படும். இடம்: கீழ்த்தள வார்டின் வாசல் பக்கச் சுவர். அங்குள்ள ஜன்னல் அடைக்கப்படும்.

அந்த ஒண்ணு.

எக்ஸ்சேஞ்சிலிருந்து கண்காணிப்பாளர் லைனை நான்தான் கொடுத்தேன். இந்தத் தடவை ஹெட்போனைக் கழற்றவில்லை.

“மேடம், வாசல்லேர்ந்து நேராத் தெரியற சுவர் அது ஒண்ணுதான். விருந்தினர் கார்லேர்ந்து இறங்கறார், திரும்பறார், கல்லு. அருமையா அமையும்.”

“ஜன்னலுக்குக் கீழ முழங்கால் உயரத்துல வைங்க. இடம் நிறைய இருக்கு.”

“அவர் குனிஞ்சு திறந்தா போட்டோல என்ன மேடம் வரும்?”

“முதுகு வரும். வரட்டுமே.”

“உங்க பேரும் இருக்கு மேடம், ரெண்டாவதா.”

“என் பேரை வச்சே என் ஜன்னலை அடைக்கறீங்களா? ஓட்டை அடைக்கத்தான் வேணும்னா என் பேர் எதுக்கு, பலகை போதுமே.”

“பார்ப்போம் மேடம், பார்ப்போம்.”

அவர் பார்ப்போம் என்றால் பார்த்து முடித்துவிட்டார் என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் வராத நாளாகப் பார்த்து, வெளியாட்களை வைத்து ஜன்னலைச் செங்கல்லால் அடைத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை எட்டு மணி வேலைக்கு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். சுவரில் சாந்து ஈரம் காயவில்லை. கீழே காகிதம் சுற்றிய கல் சாய்த்து வைத்திருந்தது. உள்ளே ஓடினேன்; டாக்டர் நின்றிருந்தார். எதிர்ப் பக்கம் இருபத்துநாலு ஜன்னலும் திறந்திருக்க, இருபத்துநாலு துணியும் தொங்கிக்கொண்டிருந்தன. இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பதினொன்றாம் படுக்கையில் இருந்த லாரி டிரைவர் இருமலுக்கு நடுவே சொன்னார்.

“நேத்தே கத்தினேன் டாக்டர், எவன் ஜன்னலைச் சாத்தினதுன்னு. உங்களை மாதிரியேதான் கத்தினேன். செங்கல் அசையலை.”

“உனக்குத் தொண்டை பத்தாது. கிளி, மேஸ்திரியைக் கூப்பிடு.”

மேஸ்திரி உளியும் சுத்தியலுமாகவே வந்தார். வந்தாலும் வாக்கியம் மாறவில்லை. “எழுத்துல குடுங்கம்மா.”

டாக்டர் சீட்டுக் கட்டை எடுத்தார். ‘செங்கல் – முழுவதும் எடுக்கவும். உடனே. ஒரே வேளை.’ கையெழுத்துப் போட்டு நீட்டினார். மேஸ்திரி வாங்கிக்கொள்ளவில்லை.

“ரெண்டு கையெழுத்தும்மா. போன தடவை அவரு போட்டாரு.”

டாக்டர் சுற்றிலும் பார்த்தார். வேடிக்கை பார்க்க வந்திருந்த டாக்டர்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவருக்குச் செல்போன் அடித்தது. அடிக்காத செல்போன், எனக்குத் தெரியாதா? ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவர் என்னைப் பார்த்து, “எக்ஸ்சேஞ்சுல யார் இருக்கா?” என்று அதட்டினார். அரை நிமிஷத்தில் மூவரும் இல்லை.

அந்த நேரத்தில்தான் கணக்கு டீச்சர் வந்தார். தகராறு வரும் என்று தெரிந்து கண்காணிப்பாளரே காலையில் போன் செய்து வரச் சொல்லியிருக்கிறார். டீச்சர் வந்த வேகத்தில் நேராக டாக்டரிடம் போனார்.

“என் வீட்டுக்காரர் பேரை வைக்க விடமாட்டேங்கறீங்களாமே, டாக்டர்?”

“கல்லுக்கு நான் குறுக்க நிக்கலை டீச்சர். ஜன்னலுக்குத்தான் நிக்கறேன்.”

“எனக்கு அந்தக் கல்லு வேணும். அவர் செத்து இருபதாம் நாள் எனக்கு ஒரு மெமோ வந்துச்சு, தெரியுமா உங்களுக்கு? சொத்தைச் சேதப்படுத்தினார்னு. ரெண்டு வருஷமா அது பீரோவுல இருக்கு. ஆஸ்பத்திரி அவரைப் பத்தி எழுதின கடைசி எழுத்து அதுதான். அதுக்கு மேல ஒண்ணு, கல்லுல எழுதி, எனக்கு வேணும். உங்க காத்து உங்களுக்குப் பெரிசுன்னா அது எனக்குப் பெரிசு.”

டாக்டர் கையிலிருந்த சீட்டை நீட்டினார். டீச்சர் வாங்கிப் படித்தார். கையெழுத்துக்குக் கீழே காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பதினொன்றாம் நம்பர் படுக்கையைப் பார்த்தார்.

“அவர் இருந்தது இங்கயா?”

“அந்த ஜன்னலுக்குக் கீழ. கேட்டு வாங்கினார்.”

“போன்ல சொன்னார்…” டீச்சர் சீட்டை மறுபடியும் படித்தார். பிறகு கணக்குப் போடுகிறவர் குரலில், ஒவ்வொரு படியாகச் சொன்னார். “திறந்தது தப்புன்னு மெமோ குடுத்தாங்க. இப்ப அதே இடத்தை, அவர் பேரை வச்சு, மூடறாங்க. அப்ப தப்புன்னு அவரே ஒத்துக்கிட்டதா ஆகுது. அப்படித்தானே வருது?”

“அப்படித்தான் வருது.”

“பேனா குடுங்க.”

மேஸ்திரி பதறினார். “டீச்சரம்மா, நீங்க டாக்டர் இல்லையே!”

“அந்தக் கல்லுல முதல் பேர் யாரோடது?”

“சாரோடதும்மா.”

“அவர் மெமோவை நான்தானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன்? அப்ப அவர் சீட்டுலயும் நான்தான் போடணும். உளியை எடுங்க.” போட்டுவிட்டு டாக்டர் பக்கம் திரும்பி, “சரிதானே அக்கா?” என்றார். அந்த ‘அக்கா’வை அவர் கணவர் சொல்வது போலவே இழுத்துச் சொன்னார். என்னால்கூட அவ்வளவு சரியாக எடுக்க முடியாது. ஜன்னலம்மா குடையை எதற்கோ இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

ஈரச் சாந்து, நாற்பது நிமிஷம்கூட ஆகவில்லை. எட்டாவது செங்கல் வெளியே விழுந்தபோது எதிர்ப் பக்கத்தில் ஒரு துணி அசைந்தது. பிறகு பக்கத்துத் துணி. லாரி டிரைவர் கை தட்டப் போய் இருமிவிட்டார்.

அதற்குள் கண்காணிப்பாளர் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். “டீச்சர், நீங்களாவது சொல்லக் கூடாதா?”

“சொல்லிட்டேனே சார். எழுத்துல.”

கல்லை ஜன்னலுக்குக் கீழே, முழங்கால் உயரத்தில்தான் பதித்தார்கள். விருந்தினர் குனிந்து திறந்தார். மறுநாள் பேப்பரில் முதுகுதான் வந்தது. இப்போது வார்டில் இருப்பவர்களைப் பார்க்க வருகிறவர்கள் டிபன் பாத்திரத்தை அந்தக் கல்லின் விளிம்பில் வைத்துவிட்டு, ஜன்னல் வழியாக உள்ளே தலையை நீட்டிப் பேசுகிறார்கள். கண்காணிப்பாளருக்கு அது பிடிக்கவில்லை. டீச்சருக்குப் பிடித்திருக்கிறது; அவரும் தன் கைப்பையை அங்கேதான் வைக்கிறார்.

செங்கல்லுக்காக இரண்டாவது மெமோ வந்தது. டாக்டர் ஓய்வு பெறும் நாளன்று, மத்தியானம் மூன்று மணிக்கு, கண்காணிப்பாளர் தன் ஏ.சி. அறையிலிருந்து போன் போட்டார். டாக்டர் வார்டில் எடுத்தார். “கிளி, லைன்லதானே இருக்கே? இரு, நீயும் கேளு” என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருந்தாலும் இருந்தேன்.

கண்காணிப்பாளர் தேனாகப் பேசினார். இரண்டு மெமோ நிலுவையில் இருப்பதால் விடுவிப்பு ஆணையில் கையெழுத்துப் போட முடியவில்லை. பெரிய விளக்கம் எல்லாம் வேண்டாம். நடந்ததற்கு வருந்துகிறேன் என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டால் போதும், பார்ப்போம் என்றார்.

டாக்டர் ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சார், நான் சொல்லச் சொல்ல நீங்களே எழுதிக்கோங்க. முதல் மெமோ: கண்ணாடி இருபத்துநாலும் ஒண்ணும் எடுக்கச் சொன்னது நான். கூடக் கையெழுத்துப் போட்டவர் செத்துட்டார், அவர் பேரை அடிச்சிடுங்க, கல்லுலேர்ந்து இல்லை, மெமோலேர்ந்து. ரெண்டாவது மெமோ: செங்கல் எடுக்கச் சொன்னதும் நான்தான், டீச்சரை இழுக்காதீங்க. வருத்தம்னு ஒரு வரி கேட்டீங்க. வருத்தம் இருக்கு சார், நிறையவே இருக்கு. அந்த வார்டுலேர்ந்து எழுபத்தோரு பேரை என்னால நடத்தி வெளிய கூட்டிட்டு வர முடியலை, அந்த வருத்தம் உங்க ஒரு வரியில அடங்காது. ஜன்னலைத் திறந்ததுக்கு மட்டும் இல்லவே இல்லை. ஆணை குடுத்தா வாங்கிக்கறேன். குடுக்கலைன்னா நாளைக்கும் ஏழே முக்காலுக்கு வருவேன், வந்து கத்துவேன், எது வசதின்னு நீங்களே பார்த்துக்கோங்க. அது கிடக்கட்டும், உங்க குரல் என்ன இப்படிப் பெட்டிக்குள்ளேர்ந்து வர மாதிரி அடைச்சுக் கேக்குது? உங்க ரூம்ல எவன் ஜன்னலைச் சாத்தினது?”